கேள்வி பதில்: வேலையில் இருந்தவர் இறந்தால்

கேள்வி: கணவர் வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவர். போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எங்கே கேட்பது? வேறு ஏதும் கிடைக்குமா?
(வாசகி, மாங்குளம்)

பதில்: உங்களுக்கு ஈபிஎஃப், ஈடிஎஃப், பணிக்கொடை என்று மூன்று காசுகள் வரவேண்டும், சகோதரி. மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள்.

ஈபிஎஃப் காசுக்குத் தொழில் அலுவலகத்தில் 'எல்' படிவம் நிரப்புங்கள். உயிரோடிருப்பவர் எடுக்கும் 'கே' படிவத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பிரதி வேண்டும். அவர் பின்னுரித்தாளராக (தனக்குப் பிறகு காசைப் பெறுபவராக) யாரை எழுதியிருக்கிறார் என்றும் கேளுங்கள். திருமணத்துக்கு முதல் தாயின் பெயரை எழுதியவர்கள் பலர்.

அதிகம் இழுபடுவது பெயர் வித்தியாசத்தால்தான். அடையாள அட்டையில் ஓர் எழுத்தும் மரணச் சான்றிதழில் இன்னோர் எழுத்தும் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். கொடுக்குமுன் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்), சம்பளத்தில் முதலாளி மட்டும் கட்டும் 3 வீதம். அதற்கு வேறு விண்ணப்பம்.

பலர் கேட்காமலே விடுவது பணிக்கொடையை, அதாவது வேலை செய்த வருடங்களுக்காகக் கிடைக்கும் தொகையை. ஆலையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்து, அவரும் 5 வருடம் முடித்திருந்தால் வாரிசுகளுக்கு உரித்து. கடைசிச் சம்பளம் 40,000 ரூபா என்றால், ஒரு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் 20,000. ஒன்பது வருடத்துக்கு 1,80,000. இதை முதலாளிதான் தரவேண்டும். எழுத்தில் கேட்டு, பிரதியை வைத்திருங்கள்.

ஈபிஎஃப்புக்கென்று சம்பளத்தில் 8 வீதம் கழித்தும் முதலாளி அதை நிதிக்குக் கட்டாமல் விட்டிருந்தால், சம்பளச் சீட்டுகளோடு தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். ஒரு சீட்டையும் எறியாதீர்கள்.