ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் உதவ நினைத்தால் எதில் தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறோம். ஸ்மார்ட் டி.வி. வாங்கித் தரலாமா, ஆர்.ஓ. மெஷின் வைக்கலாமா?

பதில்:

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். இந்த அளவுப் பள்ளியில் அன்றாட இழுபறி எல்லாம் தண்ணீர், கழிப்பறை, ஆள் பற்றாக்குறை ஆகிய மூன்றில்தான். டி.வி. இல்லாமல் வகுப்பு நடக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவத் தண்ணீர் இல்லாவிட்டால் மதியத்துக்கு மேல் ஒன்றும் ஓடாது.

முதலில் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, உங்களில் ஒருவர் சாதாரண வேலை நாளில் காலை எட்டு மணிக்கே போய் மதியம் இரண்டு வரை இருந்து பாருங்கள். ஆண்டு விழா அன்றோ சுதந்திர தினத்தன்றோ போகாதீர்கள். அன்றைக்குத் தொட்டி நிறைந்திருக்கும், கழிப்பறை கழுவியிருக்கும்.

சாப்பாட்டுக்கு நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலேயே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய்கறி. கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். மதியத்துக்கு முட்டையோடு சத்துணவு. அதற்கு அமைப்பாளர், சமையலர் என்று தனி ஆட்கள், தனிக் கணக்கு. 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்று யாராவது சொன்னால், காலைச் சமையலுக்கா மதியத்துக்கா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். ஆனால் இரண்டு வேளைச் சமையல் என்றால் இரண்டு வேளைப் பாத்திரம். தண்ணீர் போதாமல் போவது அங்கேதான்.

விடுதி இல்லாத பள்ளிக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பது கட்டட விதிகளில் உள்ள அளவு. பிள்ளைகள், ஆசிரியர், சமைப்பவர் எல்லாரையும் சேர்த்தால் 2,000 லிட்டரைத் தாண்டும். கூரைமேல் இருப்பதோ பெரும்பாலும் ஒரே ஒரு சின்டெக்ஸ், அதுவும் பாதிதான் நிறையும். ஊராட்சித் தொட்டியிலிருந்து காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். தெருவெல்லாம் குழாய் திறந்திருக்கும் அந்த நேரத்தில் பள்ளிக் கூரைக்கு ஏறுகிற அழுத்தம் இருக்காது. இது தெரியாமல் இன்னொரு பெரிய சின்டெக்ஸ் வாங்கிக் கூரையில் ஏற்றுவதுதான் நன்கொடையாளர்கள் வழக்கமாகச் செய்கிற வீண் செலவு. தரைமட்டத்தில் 1,000 லிட்டர் தொட்டி, அது நிறைந்ததும் தானே தண்ணீரை நிறுத்த ஒரு மிதவை வால்வு, அங்கிருந்து கூரைத் தொட்டிக்கு அரை ஹெச்.பி. மோட்டார். அழுத்தம் குறைந்தாலும் தரைத் தொட்டி நிறைந்துவிடும். மோட்டாருக்கு இரும்புக் கூண்டு, சுவிட்ச் ஹெச்.எம். அறைக்குள். வெளியே விட்டால் முதல் நீண்ட விடுமுறைக்கே காணாமல் போகும். தரைத் தொட்டி மூடிக்குப் பூட்டு கட்டாயம், சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற இடம் அது.

அடுத்து குழாய். ஒரே குழாயில் 43 பிள்ளைகள் ஆளுக்கு அரை நிமிடம் தட்டுக் கழுவினால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பொறுமை இழந்த கடைசிப் பிள்ளைகள் தட்டை நனைத்துவிட்டு ஓடிவிடும். ஐந்து குழாய் வரிசையாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. பித்தளை வேண்டாம், திருட்டுப் போகும். நல்ல பிளாஸ்டிக் குழாய் போதும். உயரம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. மேஸ்திரி தன் இடுப்பு அளவுக்குத்தான் வைப்பார். யாராவது கூட நின்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கை நீட்டச் சொல்லிப் பார்த்துக் குறி போடுங்கள்.

தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், போட வேண்டும். நேராகக் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். சாக்கு மூட்டையில் வாய் திறந்தபடி கிடக்கும் பவுடரில் வீரியம் போய்விட்டிருக்கும், ஆகவே சின்னப் பாக்கெட்டாக வாங்கி இறுக மூடி வையுங்கள்.

ஆர்.ஓ. மெஷின், ஊர்த் தண்ணீர் நிஜமாகவே உப்பாக இருந்தால் மட்டும். அப்போதும் மெஷின் விலையைப் பார்க்காமல், ஆண்டுதோறும் ஃபில்டரும், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனும் மாற்றுகிற செலவு யார் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டு வாங்குங்கள். கோடை விடுமுறை முழுக்கக் காய்ந்து கிடந்தால் மெம்பிரேன் கெட்டுப்போகும். ஜூனில் திறந்து பார்த்துவிட்டு, ஊர்ப் பள்ளிகளில் பாதி மெஷின்களை அப்படியே மூலையில் தள்ளிவிடுகிறார்கள்.

கழிப்பறையில் கட்டடத்தைவிடச் சில்லறைச் சாமான்கள்தான் குறை. வாளி, மக்கு, தாழ்ப்பாள். தாழ்ப்பாள் பெரியவர்கள் உயரத்தில் இருக்கும், பிள்ளைகளுக்கு எட்டாது; எனவே பெண் பிள்ளைகள் துணைக்கு ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டுப் போவார்கள், அல்லது வீடு போகும்வரை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மூன்றடி உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் அடித்தால் தீர்ந்தது. கீழ்ப்பக்கம் துருப்பிடித்த தகரக் கதவை மாற்றுவதானால் பி.வி.சி. கதவு. தூய்மைப் பணியாளர் ஊராட்சி மூலம் வருவார், ஒரு வேளை கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பினாயில், துடைப்பம், கையுறை தீராமல் பார்த்துக்கொள்வதை உங்கள் குழு ஏற்றுக்கொள்ளலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது என்பதை அவரிடம் நேரில் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் மூச்சு முட்டும்.

இனி ஆள் விஷயம். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. பெரும்பாலும் ஒருவர் ஒன்று முதல் மூன்று, மற்றவர் நான்கும் ஐந்தும். ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போனாலோ விடுப்பு எடுத்தாலோ மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு நடுவே பிள்ளைகளின் விவரங்களை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றும் வேலை, பதிவேடுகள், கூட்டம். பாடநூலும் நோட்டும் சீருடையும் வந்து இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு எடுத்துவர வண்டியும் ஹெச்.எம். பிடிக்க வேண்டும். ஊரில் டாடா ஏஸ் வைத்திருப்பவர் ஆண்டுக்கு மூன்று நடை சும்மா ஓட்டித் தந்தாலே அது பெரிய உதவி, யாரும் இதை உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உள்ளூரில் படித்துவிட்டு இருக்கும் பெண்கள் யாராவது வாரம் மூன்று நாள் மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்க வைக்க முடியுமா என்று பாருங்கள். பாடம் நடத்த வேண்டாம், அது ஆசிரியர் வேலை. எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேட்டு, எட்டுப் பத்துப் பேராக உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்க வைத்தால் போதும். புத்தகம் வாங்குவதானால் தடித்த கலைக்களஞ்சியம் வேண்டாம். பதினாறு பக்கம், பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்த சிறு நூல்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கலாம். இருப்புப் பதிவேட்டில் குறைந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். கிழிந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் பீரோ திறக்கும்.

செலவு குறைந்த, பலன் நிறைந்த இன்னொன்று, வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பக்கம் உள்ள பிள்ளைகளின் கரும்பலகைப் பட்டை. அது வெளுத்துப்போயிருக்கும். பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, போர்டு பெயின்ட் இரண்டு கோட். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. இரண்டு மூன்று நாள் விட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கப் பூசி அழித்துவிட்டு எழுதத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் எழுதிய எழுத்தின் தடம் எத்தனை துடைத்தாலும் போகாது. ஈரம் ஏறும் சுவரில் இதைச் செய்யாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

பணம். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 36,000. 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு, மத்திய, மாநில அரசுகளின் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஒதுக்கப்படும் ஆண்டு மானியமே 25,000தான், அதுவும் சொன்ன மாதத்தில் வராது. ஆகவே உங்கள் தொகை சிறியதல்ல. அதை யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஹெச்.எம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அடுத்த இடமாறுதலில் போய்விடுவார், கணக்குக் கேட்டால் அவருக்குத்தான் சங்கடம். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடலாம், அல்லது பொருளாக வாங்கி ரசீதோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியாக இந்தப் பள்ளிக்கென்றே அனுப்பலாம்.

அந்த மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2024-ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள், உங்கள் ஊரில் அந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த வேலைக்கும் குழுவில் தீர்மானம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுற்றுச்சுவர், புதுக் கழிப்பறை போன்றவை உங்கள் சக்திக்கு மேல். தீர்மான நகலோடு கிராம சபையில் வைத்து ஒன்றிய ஆபீசுக்கு அனுப்ப வேண்டியவை. விரிசல் விட்ட கட்டடம் இருந்தால் அதற்குப் பெயின்ட் அடித்து மறைக்கவே கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, இடிக்கும்வரை அந்தப் பக்கம் கயிறு கட்டுங்கள்.

கூட்டத்தைப் பள்ளி வளாகத்திலேயே போடுங்கள். கோயில் வாசலில் போட்டால் காலனித் தெருப் பெற்றோர் வர மாட்டார்கள், பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அவர்களுடையவர்களாகவே இருப்பார்கள். நன்கொடையாளர் பெயரைச் சுவரில் எழுதுவதானால் சாதிப் பெயர் சேர்க்காதீர்கள்.

ஊரில் கல்விச் சீர் கொண்டுபோகும் வழக்கம் இருந்தால் விடாதீர்கள். மேளம் முன்னே போக, தாம்பாளத்தில் பழமும் சாக்பீஸ் பெட்டியும் நோட்டுக்கட்டும் ஏந்திப் பெண்கள் பள்ளிக்கு நடந்துவருவதைப் பார்த்தே சேர்க்கை கூடும். தனியார் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பெற்றோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் பட்டியல் இல்லாமல் விட்டால் நான்கு சுவர்க்கடிகாரமும் மூன்று உலக உருண்டையும் வந்து சேரும், மோட்டாருக்கு ஒயர் வாங்க ஆள் இருக்காது. ஹெச்.எம்.மிடம் தேவைப் பட்டியல் வாங்கித் தெருவுக்குத் தெரு பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டில் ஒரே ஒரு முறைதான் எல்லாரும் ஊருக்கு வர முடியும் என்றால் மே கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த பள்ளியில் தொட்டியில் பாசி, கழிப்பறையில் குளவிக்கூடு, வளாகத்தில் முள், எலி கடித்த ஒயர் எல்லாம் இருக்கும். எலக்ட்ரீசியனையும் பிளம்பரையும் கூடவே கூட்டிப்போங்கள். பள்ளி திறந்த பிறகு கூப்பிட்டால் அவர்களுக்கு ஜூன் மாதம் முழுக்க வேறு வேலை இருக்கும்.