டார்க் ஹாலோ அருவி: அம்மாவால் திரும்ப ஏறிவர முடியுமா?

வணக்கம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். மே கடைசியில் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நினைக்கிறோம். டார்க் ஹாலோ அருவிக்குப் போகவர ஒன்றரை மைல்கூட இல்லை, சுலபம் என்கிறார்கள். அம்மாவுக்கு 64 வயது. தினமும் அரை மணி நேரம் நடப்பவர்தான், ஆனால் முழங்கால் வலி உண்டு. போகலாமா?

க., வர்ஜீனியா

அன்புள்ள க.,

போகலாம். ஆனால் மைல் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். போகவர 1.4 மைல்தான்; ஆனால் அதில் பாதி தூரத்துக்குள் 440 அடி, அதாவது 134 மீட்டர் இறங்குகிறீர்கள். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரமே 83 மீட்டர்தான். அங்கே தெம்பாக இருக்கும்போது ஏறிவிட்டு, களைத்தபின் இறங்குவோம். இங்கே நேர்மாறு. இறங்கும்போது சுகமாக இருப்பதால் எல்லோரும் வேகமாகப் போய்விடுகிறார்கள், திரும்பும்போது திணறுகிறார்கள்.

சரிவு ஒரே சீராக இல்லை. தொடக்கத்தில் ஹாக்கேம்ப் ஓடையை ஒட்டி மரநிழலில் மெதுவாக இறங்கும். அருவியின் தலைப்பை எட்டியபின்தான் செங்குத்து. அம்மாவுக்கு அதுவரை வரும்போதே முழங்கால் வலித்தால், அங்கேயே அப்பாவோடு உட்காரட்டும். நீங்கள் மட்டும் கீழே போய் வாருங்கள். கீழே போய்விட்டால் ஏறித்தான் ஆக வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது.

முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஊன்றுகோல் இரண்டு வாங்குங்கள். இறங்கும்போது சற்று நீட்டியும் ஏறும்போது குறைத்தும் வைக்கவும். அடி சின்னதாக இருக்கட்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். ஷூவின் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் கால் முன்னுக்கு நழுவி, விரல் நுனி இடித்துக்கொண்டே வரும். இறங்க அரை மணி, ஏற ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரைத் திரும்பும் வழிக்கென்று மிச்சம் பிடியுங்கள்.

அருவி ஏறக்குறைய 70 அடி. ஒரே வீழ்ச்சியாக விழாமல் படிப்படியாக வழிகிறது. ஏறத்தாழ 57 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் படிந்த எரிமலைக் குழம்பு பின்னால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி, பச்சை கலந்த பாறையாகிவிட்டது. நீர் தாவி இறங்குவது அந்தப் பாறை அடுக்குகளின் மேல்தான். உலர்ந்த இடத்தில் சாம்பல் பச்சையாகவும் நனைந்த இடத்தில் கரும்பச்சையாகவும் தெரியும். நனைந்த பாறையில் கண்ணுக்கே தெரியாத பாசிப்படலம் இருக்கும். எந்த ஷூவும் அதில் பிடிக்காது. படம் எடுக்க ஓரடிகூடப் பாறைமேல் வைக்க வேண்டாம். அங்கே ஆட்கள் விழுந்து அடிபடுவது அப்படித்தான்.

மே மாதம் நல்ல தேர்வு, வசந்த மழையில் ஓடை நிறைந்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை இல்லாவிட்டால் மெலிந்துவிடும். மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறையை மட்டும் தவிருங்கள். பாதை தொடங்குவது பூங்காவின் ஊடே போகும் ஸ்கைலைன் டிரைவ் சாலையில் 50.7-ஆம் மைல், கார் நிறுத்துமிடம் சிறியது, சனி ஞாயிறுகளில் காலையிலேயே நிறைந்துவிடும். பாதையில் கழிப்பறை இல்லை, 51-ஆம் மைலில் உள்ள பயணியர் மையத்தில் முடித்துக்கொண்டு வாருங்கள். நாய்க்கு அனுமதி கிடையாது. மேலே சமவெளியைவிடக் குளிர் அதிகம், ஆளுக்கொரு ஸ்வெட்டர் தேவை. வீடு திரும்பியதும் கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காலையில் எழும்போதே அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தால் அருவியை விட்டுவிடுங்கள். 43-ஆம் மைலில் லிம்பர்லாஸ்ட் பாதை இருக்கிறது: 1.3 மைல் சுற்று, பொடிக்கல் பரப்பிய தரை, சக்கர நாற்காலியே போகும். அருவி கிடையாது; காடும் ஒரு ஓடையும் உண்டு.