கோத்தகிரிக்கு எலக்ட்ரிக் காரில் போனால் சார்ஜ் போட இடம் கிடைக்குமா?

திருப்பூரிலிருந்து நான்கு பேர், 30 யூனிட் (kWh) பேட்டரி, மே மாதம், கோத்தகிரியில் பொது சார்ஜரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் நம்ப வேண்டியது பொது சார்ஜரை அல்ல, தங்கும் இடத்து 15 ஆம்ப் பிளக்கை.

நாங்கள் போனதும் இதே அளவு பேட்டரியில்தான். சார்ஜர் தேடும் ஆப்பில், சார்ஜர் காலியாக இருக்கிறது என்று பச்சைப் புள்ளி தெரிந்தது. போய்ப் பார்த்தால் சார்ஜரை மறித்துக்கொண்டு ஒரு டீசல் ஜீப். டீக்கடையில் இருந்த டிரைவரைக் கண்டுபிடித்து வண்டியை எடுக்க வைத்த பிறகுதான் கவனித்தோம், மெஷினின் திரையே இருட்டாக இருந்தது. "காலைல கரண்ட் போய் வந்துச்சுங்க, அதுலருந்து இது எந்திரிக்கவே இல்ல" என்றார் காவலாளி அண்ணன். கோவையில் என்றால் அடுத்த சார்ஜருக்குப் போய்விடலாம். இங்கே அடுத்த ஊரான குன்னூருக்கே 20 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறும் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர். ஆளும் பெட்டியுமாக 1,700 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 6.7 யூனிட் வேண்டும். சக்கரம் உருள்வது, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் 10 யூனிட், அதாவது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. சமவெளியில் இதே தூரத்துக்கு அதில் பாதி போதும். வீட்டில் முழுதாக ஏற்றிக் கிளம்பிய எங்களுக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது 38 சதவீதம் இருந்தது.

ரூம் போடும்போதே "15 ஆம்ப் பிளக் இருக்கா, எர்த் இருக்கா, கார் அதுக்குப் பக்கத்தில் நிற்குமா" என்று கேட்டுவிடுங்கள். எங்கள் காட்டேஜில் முதல் பிளக்கில் எர்த் சரியில்லை. சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி அடம்பிடித்தது. அப்புறம் சமையலறைப் பிளக்கில் செருகினோம். லோடு கூடிவிடக் கூடாதென்று ராத்திரி முழுக்க கீசர் போடவில்லை (காலையில் அந்தக் குளிரில் திட்டு வாங்கியது தனிக்கதை). 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஏறும். ஒரு ராத்திரி போதும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் தொடாதீர்கள், சூடாகி உருகிவிடும். கேர்டேக்கருக்கு யூனிட்டுக்கு 15 ரூபாய் கணக்கில் 240 ரூபாய் கொடுத்தோம். வேண்டாம் என்றுதான் சொன்னார், கொடுத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கும் பிளக் கிடைக்க வேண்டுமே.

இன்னொன்று: மேலே 100 சதவீதம் ஏற்றாதீர்கள். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பாடம். நம் வண்டியில் கியர் கிடையாது, அந்த வேலையை ரீஜென் பார்க்கிறது, அதாவது இறங்கும்போது மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து, அதில் வரும் கரண்டைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரி நிரம்பி வழிந்தால் அது வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். 85 சதவீதத்தோடு இறங்கினோம், மேட்டுப்பாளையத்தில் 91 காட்டியது.

மே மாதம் என்பதால் ஒரு எச்சரிக்கை. சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாக விட்டு, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். சுற்றிப் போகச் சொன்னால் கூடுதல் தூரம், கூடவே டிராஃபிக். அதனால் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்தும்போது கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது, அதையும் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.