ஜான் ஹால் என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஏன் ஊர்விட்டு ஊர் சென்றார்?

ஹாலின் இடப்பெயர்வுகளுக்குப் பணத்தைவிட அவருடைய காப்புரிமையே பெரிய காரணம் என்பது என் கருத்து. 1781இல் பிறந்த அவர் முதலில் துப்பாக்கிக் கொல்லரே அல்லர். அன்று மாசசூசெட்ஸைச் சேர்ந்திருந்த போர்ட்லாந்தில் பீப்பாய், படகு முதலிய மரவேலைகளில் ஈடுபட்டிருந்தவர். குழலின் பின்புறத்திலேயே மருந்தையும் குண்டையும் இடும் துப்பாக்கியை வடிவமைத்துக் காப்புரிமை கேட்டபோது, காப்புரிமை அலுவலகத்தின் தலைவர் வில்லியம் தார்ன்டன் அந்த எண்ணம் தமக்கு முன்பே தோன்றியது என்று உரிமை கோரியதால், 1811இல் இருவர் பெயரிலும் அது வழங்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

திருப்புமுனை 1819இல் வந்தது. ஆயிரம் துப்பாக்கிகளுக்கான அரசு ஒப்பந்தத்துடன், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி படைக்கலச் சாலைக்கு அவர் குடிபெயர்ந்தார். அங்கு, ஷெனண்டோவா ஆற்றின் நீர்விசையால் இயங்கும் எந்திரங்களையும் அளவுமானிகளையும் உருவாக்குவதிலேயே பல ஆண்டுகள் கழிந்ததால், மேலதிகாரிகள் செலவைச் சுட்டிக்காட்டி முணுமுணுத்தனர். ஆனால் 1820களின் பிற்பகுதியில், வெவ்வேறு சமயங்களில் செய்யப்பட்ட துப்பாக்கிகளைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, புதிய மரக்கட்டைகளில் பொருத்திப் பார்த்த ஆய்வுக்குழு, எந்தப் பாகமும் எதிலும் பொருந்துவதைக் கண்டது. அதே வடிவத்தைக் கனெக்டிகட்டில் சிமியன் நார்த்தும் ஒப்பந்த அடிப்படையில் தயாரித்தார்.

ஹால் 1840இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரியை விட்டு மிசௌரிக்குச் சென்று, அடுத்த ஆண்டே காலமானார்.