நகையைத் திருப்பி வைத்துக் கொரில்லா பார்க்கப் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். வயது 42. நான்கு ஆண்டுகளாக உகாண்டாவில், கம்பாலாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளராக இருக்கிறேன். கையில் 1,800 டாலர் வருகிறது. தங்குவதற்கு வீடு கம்பெனி கொடுத்திருக்கிறது. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் 600 டாலருக்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு 750 டாலர் அனுப்புகிறேன். மீதி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கே வந்துவிடுவேன். அதற்குள் மனைவியையும் மகனையும் இங்கே வரவழைத்து, புவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களைக் காட்ட வேண்டும். மகனுக்கு அது நெடுநாள் ஆசை. அவனுக்கு வரும் ஆகஸ்டில் 15 வயது முடிகிறது. மே விடுமுறையில் வருவதாகத் திட்டம். ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் விமான டிக்கெட்டோடு சேர்த்து ஐந்தரை லட்சம் கேட்கிறார், தவணையிலும் கட்டலாம் என்கிறார். என் தம்பியின் செல்போன் கடைக்காக மனைவியின் 22 பவுன் வங்கியில் அடகில் இருக்கிறது. மார்ச் 12 அன்று திருப்பி வைக்க வேண்டும். தங்கம் விலை ஏறியிருப்பதால் இந்த முறை கூடுதலாக எடுத்துப் பயணச் செலவைச் சமாளித்துவிடலாம் என்கிறான் தம்பி. இங்கே சம்பளக் கடனும் கிடைக்கும். எது நல்லது? ஒரு முறைகூட குடும்பத்துக்காகச் செலவு செய்யாதவன் என்ற உறுத்தல் இருக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: முதலில் மகன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரில்லா பார்க்கக் காட்டுக்குள் போகக் குறைந்தபட்ச வயது 15. புவிண்டியில் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மே மாதம் போனால் நீங்களும் மனைவியும் மலையேற, பையன் விடுதியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கே மார்ச் முதல் மே வரை நல்ல மழைக்காலம் என்பது நான்கு வருடம் கம்பாலாவில் இருக்கும் உங்களுக்கே தெரியும். இதைக்கூடக் கேட்காமல் மே மாதத்துக்கு விலை சொன்னவரை எப்படி நம்புவது? டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்குப் போங்கள். மழை குறைந்திருக்கும், மகனுக்கு வயதும் ஆகியிருக்கும். இப்படித் தள்ளிவைத்தால், மார்ச் முதல் டிசம்பர் வரை உங்களுக்குப் பத்து மாதச் சம்பளம் கிடைக்கிறது.

இப்போது நகைக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் நான்கு ஆண்டுக் கணக்கை எழுதியிருந்தீர்கள். கணக்காளர் என்பதால் எண்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. 2022 மார்ச்சில் 4 லட்சம். 2023இல் திருப்பி வைத்தபோது 5.2 லட்சம். 2024இல் 6.5. போன வருடம் 8.2. வட்டி 9.5 சதவீதம். ஒவ்வொரு முறையும் பழைய வட்டியைப் புதிய கடனிலிருந்தே கட்டிவிட்டு மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் ஆண்டு வட்டி 38,000. அடுத்தது 49,000 சொச்சம். அதற்கடுத்தது 62,000 கிட்ட. ஆக, 8.2 லட்சத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் வட்டி மட்டுமே. தம்பி கைக்குப் போனது 6.7 லட்சம். வரும் மார்ச்சில் இன்னொரு 78,000 வட்டி சேரும்.

நான்கு ஆண்டாக உங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்குப் போகவில்லை. அதனால்தான் இது கடனாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. தங்கம் ஏற ஏற வங்கியில் கொடுக்கும் தொகையும் ஏறுகிறது, வட்டி தானாகக் கட்டப்படுகிறது, கையிலும் கொஞ்சம் பணம் வருகிறது. உண்மையில் நடந்தது என்ன? உங்கள் மனைவியின் தங்கம் விலை ஏறியதில் வந்த ஆதாயத்தை, ஆண்டுதோறும் ஒரு நாள் வங்கிக்குப் போய் நீங்கள் செலவழித்துவிட்டு வருகிறீர்கள். விலை ஏறியது நகைக்கு. பலன் போனது கடைக்கு.

இந்தப் பழக்கத்தை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன். என் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி மாமாவின் அரிசி மில்லுக்காகப் பதினோரு வருடம் வைப்பும் திருப்பும் ஆக இருந்தது. காலையில் ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் கடனைக் கட்டுவார்கள். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, தராசில் வைத்து, சிறிய துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார். மதியத்துக்குள் அது திரும்பவும் பெட்டகத்துக்குள் போய்விடும். அம்மா அந்தப் பத்து நிமிடம் மட்டும் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கழுத்தில் போட்டுப் பார்க்க மாட்டார். ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள் இன்னும் எங்கள் வீட்டு டின் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் மனைவி தங்கை வீட்டு வளைகாப்புக்குக் கவரிங் ஆரம் போட்டுக்கொண்டு போனார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

தம்பி சொல்கிறபடி செய்தால், 8.2 லட்சத்தோடு வட்டி 78,000, பயணத்துக்கு ஐந்தரை லட்சம். மொத்தம் பதினான்கரை லட்சம். மாத வட்டி மட்டும் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும். அடுத்த மார்ச்சில் டாலர் சம்பளம் நிற்கும்போதுதான் அது உங்கள் தலையில் வந்து நிற்கும். அந்த நேரம் தங்கம் இறங்கியிருந்தால்? 2013இல் உலகச் சந்தையில் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. அப்படி ஒரு வருடம் வந்தால் திருப்பி வைத்தாலும் பழைய தொகை கிடைக்காது. வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்களின் நகைதான் ஏலத்துக்குப் போகிறது.

அதற்காகப் பயணமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேறு யாராவது திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்டிருந்தால், முதலில் நகையை மீட்டுவிட்டு வாருங்கள் என்றிருப்பேன். நீங்கள் இருப்பது புவிண்டியிலிருந்து ஒரு பகல் கார்ப் பயணத் தூரத்தில். மலைக் கொரில்லா எந்த மிருகக்காட்சிச் சாலையிலும் கிடையாது. 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி உலகத்திலேயே 1,063தான். உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா மலைகளிலும், புவிண்டியிலும் மட்டும்தான் இருக்கின்றன. விருங்காவில் 1981இல் 254 ஆகக் குறைந்து போயிருந்தவை, காவலும் கவனிப்பும் கூடியதால் அறுநூறைத் தாண்டின. ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம்தான். கொரில்லா பார்க்க வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான பர்மிட்டின் விலை உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பணத்தில் காவலர்கள் சம்பளமும் இருக்கிறது. அந்த விலையில் குறைத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிட்டே போகாதீர்கள்.

டிராவல்ஸ்காரர் உங்களிடம் கேட்காத இன்னொன்று, நீங்கள் அங்கே வேலை அனுமதியோடு குடியிருப்பவர் என்பது. 2024 ஜூலை முதல் உகாண்டாவில் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு பர்மிட் 800 டாலர், அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு 700. பக்கத்திலேயே ருவாண்டாவில் 2017இலிருந்து 1,500. ஆகவே அதன் தலைநகர் கிகாலி வழியாகப் போனால் சொகுசு என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

என் கணக்கு தோராயமானதுதான், நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 700, மனைவிக்கும் மகனுக்கும் 1,600. ஓட்டுநரோடு ஜீப் மூன்று நாள், டீசல் சேர்த்து 420 வைத்துக்கொள்ளலாம். சாதாரண விடுதியில் இரண்டு இரவு, சாப்பாட்டோடு மூவருக்கும் 240. பை தூக்க ஆளுக்கு ஒரு போர்ட்டர், 60. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஈரமான சரிவில் கையைப் பிடித்து ஏற்றிவிடுபவர் அவர்தான், பக்கத்துக் கிராமத்துக்காரர், அந்த வருமானம் அவர் வீட்டுக்குப் போகிறது. விசா இருவருக்கும் 100. டிப்ஸ், சில்லறை 80. மொத்தம் 3,200 டாலர். டாலரை 90 ரூபாய் என்று போட்டால் 2.88 லட்சம். அடிஸ் அபாபா வழியாக இருவருக்கும் போக வர டிக்கெட் ஒன்றேகால் லட்சம் என்று வைத்தாலும் நாலேகால் லட்சத்தைத் தாண்டாது. ஐந்தரை லட்சம் எங்கிருந்து வந்தது?

டிக்கெட் பணம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. வருடாவருடம் விடுப்பில் ஊருக்கு வந்து போக ஒன்றரை லட்சம் ஆகிறது, அதில் பாதி சாமான் வாங்கிக் கொடுப்பதிலேயே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் குடும்பம் உங்களிடம் வருகிறது. நீங்கள் வர வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டால் மார்ச்சில் நிரந்தரமாகவே வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அந்த 3,200க்கு, "எங்கே போகிறது தெரியவில்லை" என்ற 450 டாலர் இருக்கிறதே, அதுதான் வழி. சம்பளம் வந்த அன்றே 325 டாலரைத் தனிக் கணக்கில் போடுங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை 2,275 ஆகும். செப்டம்பர் சம்பளம் வந்ததும் இன்னும் 25 டாலர் சேர்த்து மூன்று பர்மிட்டும் வாங்கிவிடலாம். டிசம்பர் கடைசி கூட்டம் மிகுந்த நேரம், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேர்வதில் ஜீப்பும் விடுதியும் முடிந்துவிடும். பணத்தை அங்கேயே கட்டுங்கள். ஊரில் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்ற முன்கூட்டி வசூலிக்கும் வரி வேறு பிடிப்பார்கள். வரிக் கணக்கில் அது திரும்பி வரும் என்றாலும் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

மீதி 125 டாலர், அதாவது பதினோராயிரம் ரூபாய், நகைக்கு. ஆனால் அதற்கு முன் மார்ச் 12 அன்று இரண்டு காரியம் நடக்க வேண்டும். வட்டி 78,000ஐ உங்கள் என்.ஆர்.இ. கணக்கில், அதாவது வெளிநாட்டில் இருப்பவருக்கான வங்கிக் கணக்கில், இருக்கும் 1.9 லட்சத்திலிருந்து கட்டுங்கள். கடன் 8.2 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஏறக் கூடாது. அடுத்து, 22 பவுனையும் ஒரே பொட்டலமாக வைக்காமல் மூன்று கடனாகப் பிரித்து வையுங்கள். வளையல்கள் மீது 2 லட்சம், ஆரத்தின் மீது 3.2, மற்றவை மீது 3. ஒரே பொட்டலமாக இருந்தால் எட்டு லட்சத்தையும் கட்டி முடிக்கும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. பிரித்து வைத்தால் சின்னக் கடனை முதலில் முடிக்கலாம். உங்கள் பதினோராயிரத்தோடு தம்பி மாதம் பதினைந்தாயிரம் போட்டால், ஏப்ரலில் தொடங்கி நவம்பர் கடைசியில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகு மார்ச் வரை கட்டுவதில் மற்ற இரண்டுக்கும் சேர்த்து 59,000 வட்டியைக் கட்டிவிட்டு அசலிலும் கொஞ்சம் குறைக்கலாம்.

தம்பி தருவானா என்பதுதான் கேள்வி. கடை நன்றாக நடக்கிறது, இரண்டு பையன்கள் வேலைக்கு இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். 6.7 லட்சம் வாங்கிக் கடை நடத்துபவருக்கு மாதம் பதினைந்தாயிரம் பெரிய தொகை இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் தரவில்லை. அம்மா வருத்தப்படுவார் என்று பயப்படுகிறீர்கள். அம்மாவையும் வைத்துக்கொண்டே போனில் பேசுங்கள். தொகை, தேதி, எந்தக் கணக்கு என்று சொல்லிவிடுங்கள். உதவியாகக் கேட்காதீர்கள், அது கடன் தவணை. இரண்டு மாதம் வரவில்லை என்றால் உங்கள் 325 டாலரில் கை வைக்காதீர்கள். வளையல் வருவது தள்ளிப்போகட்டும், அது யாரால் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். கம்பாலாவில் ஷில்லிங் சம்பளக் கடனுக்கு 18 சதவீதத்தை ஒட்டி வட்டி, வேண்டவே வேண்டாம். டிராவல்ஸ்காரரின் 'வட்டியில்லாத் தவணை'க்கு வட்டி ஐந்தரை லட்சத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் அறை நண்பர் காட்டிய ஃபாரெக்ஸ் செயலி மாதம் ஐந்து சதவீதம் தரும் என்கிறீர்கள். அப்படி உறுதியாகத் தரக்கூடிய தொழில் உலகத்தில் இல்லை. போட்ட 200 டாலரை இன்றே எடுக்கப் பாருங்கள். எடுக்க விடாமல் இன்னும் போடச் சொன்னால், அதை நட்டம் என்று எழுதிவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

மனைவியும் மகனும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டால்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். அது இல்லாமல் போனால் உகாண்டாவுக்குள் நுழைவதும் சிக்கல், திரும்பி வரும்போது இங்கே தனிமைப்படுத்தவும் செய்வார்கள். மலையேறும் அன்று யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தால் வனக்காவலர்கள் உள்ளே விட மாட்டார்கள். நம் சாதாரண ஜலதோஷம் அந்த உயிர்களுக்கு எமன். ஆகையால் கம்பாலாவில் வந்து இறங்கிய மறுநாளே கிளம்பாமல், இரண்டு மூன்று நாள் வீட்டில் ஓய்வெடுக்க விடுங்கள்.

இந்தப் பதிலை முதலில் மனைவிக்கு அனுப்புங்கள். நகை அவருடையது, கடனும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நான்கு வருடமும் தம்பிதான் அவரை வண்டியில் கூட்டிப்போய், கையெழுத்து வாங்கி, பணத்தை எண்ணி வாங்கியிருக்கிறார். மார்ச் 12 அன்று மனைவி உங்கள் தம்பியோடு வங்கிக்குப் போக வேண்டாம். தன் தங்கையை அழைத்துக்கொண்டு போகட்டும்.