கெண்டைக் குஞ்சும் சைக்ளாப்ஸும்

கேள்வி: தேயிலைச் சரிவின் கீழே உள்ள எங்கள் சிமென்ட் தொட்டியில் ஒரு மாதத்திற்கு முன்பு ஓடைத் தண்ணீரை நிரப்பிச் சாணம் கரைத்து வைத்தேன். சாதாக் கெண்டையின் முட்டைகள் ஒட்டியிருந்த வேலம்பாசியைப் பின்னர் அதில் இட்டேன். முட்டைகள் நன்றாகப் பொரித்தன; நான்காம் நாள் ஒரு குஞ்சுகூட இல்லை. தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளுகின்றன. அவை மீனுக்கு நல்ல உணவு என்கிறார்களே?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வளர்ந்த மீனுக்கு நல்ல உணவுதான். ஆனால் பொரித்த முதல் சில நாள்களில் உங்கள் குஞ்சுகளே அவற்றுக்கு உணவாகியிருக்கின்றன.

ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பேரிக்காய் வடிவ உடலும், தலை நடுவே ஒற்றைக் கண்ணும், பெண்ணாக இருந்தால் வாலின் இருபுறமும் முட்டைப் பைகளும் தெரிந்தால் அது சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சி. உருண்டை உடலோடு மேலும் கீழுமாகத் தத்தும் இன்னொரு நுண்ணிய உயிரான டாஃப்னியா நுண்பாசியை வடித்துத் தின்பது, குஞ்சைத் தாக்காது. சைக்ளாப்ஸ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கெண்டைக் குஞ்சோ பொரிக்கும்போது ஐந்து மில்லிமீட்டர் அளவில், நீந்தத் தெரியாமல், கருவுணவுப் பையைச் சுமந்தபடி பாசியில் ஒட்டிக் கிடக்கும். ஒருமுறை உருப்பெருக்கியின் கீழ் நானே பார்த்தேன்: வால் துடுப்பின் மெல்லிய சவ்வைப் பற்றிக்கொண்ட ஒரு சைக்ளாப்ஸ், குஞ்சு எவ்வளவு துடித்தும் விடவில்லை. முழுதாகத் தின்னாமல் விட்டாலும், கடிபட்ட இடத்தில் பூஞ்சை படர்ந்து குஞ்சு இறந்துவிடும்.

தவறு உங்கள் தண்ணீரின் வயதில் இருக்கிறது. புதிதாக நிரப்பி உரமிட்ட நீரில் முதலில் பெருகுவது ரோட்டிஃபர் என்னும் மிக நுண்ணிய நீர்வாழ் உயிர். குஞ்சின் சிறிய வாய்க்கு ஏற்ற முதல் உணவு அதுவே. சைக்ளாப்ஸ் அதற்குப் பின்னரே பெருகும். ஒரு மாதம் பழகிய நீரில் குஞ்சு பொரித்தால், உணவு குறைந்து எதிரி மிகுந்த வேளையில் அது கண் விழிக்கிறது. மலைக்குளிரில் குஞ்சு மெதுவாக வளர்வதால், சமவெளியைவிட இங்கே அந்த ஆபத்தான நாள்கள் நீளும்.

அடுத்த முறை தொட்டியை வடித்து, வண்டல் வெடிக்கும்வரை காயவிடுங்கள்; சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து பிழைப்பவை சில உண்டு என்பதால் வண்டலையும் அள்ளிவிடுங்கள். பாசியை முட்டையிட விடுமுன் நன்கு அலசுங்கள். சைக்ளாப்ஸ் அதோடும் வரும். முட்டைகளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், இரண்டாக மடித்த மெல்லிய துணியில் வடிகட்டிய நீரில் பொரிக்க விடுங்கள். (நரம்புச் சிலந்தி என்னும் புழு நோய் சைக்ளாப்ஸ் வழியாகப் பரவிய காலத்தில் குடிநீரையும் இப்படித்தான் வடிகட்டச் சொன்னார்கள், 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.) முட்டைகளை அங்கே இட்ட பிறகு பெரிய தொட்டியை நிரப்பி உரமிட்டால், குஞ்சுகள் நீந்தி இரை தேடும் நேரமும் ரோட்டிஃபர் பெருகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமையும். இடையில் தேவைப்பட்டால், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து மிகச் சிறிதளவு கொடுக்கலாம்.

சைக்ளாப்ஸைக் கொல்லப் பண்ணைகளில் பூச்சிக்கொல்லி இடும் வழக்கம் உண்டு. உங்கள் தொட்டி நீர் கீழேயுள்ள ஓடையில் சேருமானால், அந்த நீரைக் குடிப்பவர்களை எண்ணி அதை அறவே தவிர்க்க வேண்டும் என்பேன்.

இப்போதுள்ள தண்ணீரை வீணாகக் கொட்டிவிடாதீர்கள். சைக்ளாப்ஸைத் துணியில் வடித்தெடுத்து, விரல் நீளம் வளர்ந்த கெண்டைகள் இருந்தால் அவற்றுக்கு இடுங்கள், விரும்பித் தின்னும்.