லிஃப்ட் பண்ணாத பிக்கப்புக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறேன், டயரில் 245/70 R16 என்று இருக்கிறது. தோட்டம் திசையன்விளைப் பக்கம், தேரி மண், அதாவது செம்மணல். முருங்கைக்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போவேன். டயர் மொட்டையாகிவிட்டது. கூட்டாளி 265/75 R16 ஆல்-டெரெய்ன் (ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர்) போடச் சொல்கிறான், கடையில் 265/70 போதும், எங்கேயும் உரசாது என்கிறார்கள். வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் போடும் எண்ணமே இல்லை. எதைப் போட?
(ஒரு வாசகர், வள்ளியூர்)

பதில்: 265/75 வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 245 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது அந்த அகலத்தில் சைடு வால் எத்தனை சதவீத உயரம் என்பது, 16 ரிம்மின் அங்குலம். அப்படிப் பார்த்தால் இப்போது இருக்கிற டயரின் மொத்த உயரம் சுமார் 749 மி.மீ., 265/70 போட்டால் 777, 265/75 என்றால் 804. அதாவது கூட்டாளி சொல்கிற டயர் 7 சதவீதத்துக்கு மேல் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது டயர் 86 அளவுக்கு உருண்டுகொண்டிருக்கும். அதைவிட முக்கியம், டயர் பெருத்தால் எல்லா கியரும் அந்த அளவுக்குக் கனத்துப்போகும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தேரி மேட்டில் இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் தேடும், கிளட்ச்தான் அடி வாங்கும். இத்தனைக்கும் தரையிலிருந்து வண்டி உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதிதான், 27 மி.மீ. 265/70-க்கு வெறும் 14.

அந்த 265/70 உரசுமா என்பதைக் கடைக்காரர் வாயால் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். பில் போடும் முன் முன்பக்கம் இரண்டை மட்டும் மாட்டச் சொல்லுங்கள். சமதளத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்ப்பது பத்தாது, ஒரு முன் சக்கரத்தை முழங்கால் உயரத் திண்டில் ஏற்றி, அந்தப் பக்கம் ஸ்பிரிங் நன்றாக அமுங்கியபின் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ரிவர்ஸிலும் ஒருமுறை எடுங்கள். ஒருவர் குனிந்து டயரின் பின்மூலையைப் பார்க்கட்டும், மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கும் மட்ஃபிளாப்பும் சேரும் இடம்தான் முதலில் படும். டயர் தோளில் சாக்பீஸ் தடவிவிட்டால் பட்ட இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். கொஞ்சம் பட்டாலும் 'ஓடஓடச் சரியாயிடும்' என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது அதே 245/70-இல் நல்ல ஆல்-டெரெய்ன். தேரியில் வண்டியைக் காப்பாற்றுவது 20 மி.மீ. அகலம் இல்லை, காற்று. லோடு இல்லாதபோது 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டால் டயர் நீளமாகப் பரந்து மணலில் மிதக்கும், புதையாது. ஆனால் தார் ரோட்டைத் தொட்ட உடனே காற்றைப் பழையபடி ஏற்றியாக வேண்டும், இதில் சோம்பல் கூடாது. காற்றுக் குறைந்த டயர் நாலுவழிச் சாலையில், நம்ம ஊர் சித்திரை வெயிலில், உள்ளே சூடேறி வெடித்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

சைஸுக்குப் பக்கத்தில் 111S என்பதுபோல இருக்கும் எண்ணையும் பாருங்கள். 111 என்றால் ஒரு டயர் 1090 கிலோ தாங்கும். பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணை வாங்கவே கூடாது. எல்.டி. (லைட் டிரக்) என்று வருகிற டயருக்குச் சைடு வால் தடிமன், உடைமுள்ளும் ஜல்லிக்கல்லும் கிடக்கிற பாதைக்கு நல்லதுதான், ஆனால் எடை கூடும், காற்றும் கூட வைக்க வேண்டும், வெறும் வண்டியில் குலுக்கும். நாலு இலக்கத் தேதி எண்ணையும் பாருங்கள், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

கம்பெனி சொல்லாத சைஸுக்குப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு (வண்டியை மாற்றியமைப்பது பற்றியது), இன்சூரன்ஸ் என்று பேச்சு வரலாம். அதற்காகவும் பழைய சைஸே நிம்மதி.

கேள்வி: எங்களுக்குக் கரிசல் காடு. ஐப்பசி மழையில் பிக்கப் சிக்கிக்கொள்கிறது. பெரிய ஆல்-டெரெய்ன் போட்டால் தீருமா?
(ஒரு வாசகர், மானூர்)

பதில்: தீராது. ஆல்-டெரெய்ன் பட்டன்கள் நெருக்கமானவை, ஈரக் கரிசலில் நாலு சுற்று சுற்றினாலே இடுக்கெல்லாம் அடைந்து மொட்டை டயர் மாதிரி வழுக்கும். சேற்றுக்கென்று வரும் மட்-டெரெய்ன் டயரில் இடுக்கு அகலம், சுற்றும்போது மண்ணை வீசி எறியும், ஆனால் தார் ரோட்டில் இரைச்சலும் தேய்மானமும் அதிகம். பெரிய டயரில் இன்னொரு கேடு இருக்கிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி குறைந்துபோகும், கரிசல் தட்டையும் சருகையும் சேர்த்துப் பிசைந்து அந்த இடத்தில் இறுகிவிடும், அப்புறம் சக்கரமே சுற்றாது, கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். மழை வெட்டாப்பு விட்டு மேல்மண் காயும்வரை வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு டிராக்டரில் சரக்கை வெளியே கொண்டுவருவதுதான் வழி.

கேள்வி: நாலு டயரை மட்டும் 265/70-க்கு மாற்றிவிட்டு, பழைய 245-ஐ ஸ்டெப்னியாக வைக்கலாமா? வண்டி 4x4.
(ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: வைக்காதீர்கள். உயரம் வேறான டயரோடு 4x4 போட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேவையில்லாமல் முறுக்கு வாங்கும். ஆத்திர அவசரத்துக்கு மாட்டினாலும் முன்பக்கம் மாட்டி, 2H-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மட்டும், பஞ்சர் கடை வரை மெதுவாகப் போங்கள். பின் டயர் பஞ்சர் என்றால் முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள். ஐந்தாவதையும் சேர்த்தே வாங்குங்கள். வாங்கும் முன், அடியில் தொங்கும் ஸ்டெப்னி கேரியரில் அந்த சைஸ் உட்காருகிறதா என்று கடையிலேயே ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.